வெறும் பிளாஷ்

நான் எடுத்த படங்களைவிட எடுக்காத படங்கள்தான் அதிகம். இதை யாரும் தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் விஷயமாகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே முதலாளி எனக்குப் படம் எடுக்காமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். கல்யாண வீட்டில் இரண்டு பிலிம் ரோலுக்குத்தான் பேச்சு. ஆனால் மணமேடையில் வந்து நிற்கிறவர்களை எல்லாம் எடுத்தால் ஐந்து ரோல் ஆகும். அதற்காக, பரிசைக் கொடுத்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மாமனிடம் போய் "உங்களுக்கு பிலிம் இல்லை" என்று சொல்ல முடியுமா? செருப்பு பிய்ந்துவிடும். இதற்கென்றே பிளாஷ் லைட்டின் பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. லைட்டு எரிகிறதா என்று பார்ப்பதற்காக வைத்த பொத்தான். கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, ஷட்டரைத் தொடாமல் அதை மட்டும் அமுக்கினால் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், பிலிம் நகராது. மாமனுக்கும் திருப்தி, முதலாளிக்கும் திருப்தி.

எங்கள் கடையில் இதற்கு 'வெறும் பிளாஷ்' என்று பெயர். முதலாளி மேடைக்குப் பக்கத்தில் நின்று என் காதில் ஓதுவார். "மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, அது நிசம். பின்னால நிக்க நாலு பேரும் வெறும்." நான் அந்த நாலு பேரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, தலையைச் சாய்க்கச் சொல்லி, "கொஞ்சம் சிரிங்க அண்ணாச்சி" என்றும் சொல்லிவிட்டு வெறும் அடிப்பேன். சிரிக்கச் சொல்வது மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

பிறகு ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு யாராவது "என் படத்தைக் காணுமே" என்று கடைக்கு வந்தால், அதற்கும் பதில் தயாராக இருக்கும். "நீங்க கண்ண மூடிட்டீங்க." வந்தவர் உடனே குற்றவாளி ஆகிவிடுவார். "அடடா" என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். அத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட "மூடவில்லை" என்று சண்டைக்கு வந்ததில்லை. தான் கண்ணை மூடினோமா இல்லையா என்று யாருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்?

இப்படியே ஒழுங்காகத் தொழிலைப் பார்த்திருந்தால் வம்பே இல்லை. ஒரு புத்தகம் வந்து என்னைக் கெடுத்தது.

மார்க்கெட் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதில் சிந்தினதும் சிதறினதும் எப்படியோ இந்தக் கடைக்கு வந்து சேரும். ஆல்பத்துக்கு நடுவில் வைக்க வழுவழுப்பான தாள் தேடி நான் அங்கே போவேன். ஒருநாள், அட்டை கிழிந்து, தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கையில் அகப்பட்டது. பல தேசத்துப் போட்டோக்காரர்கள் செய்த வேலைகள் அதில் இருந்தன. அட்டை இல்லாததால் அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொருவர் வேலைக்கு மேலும் 'புராஜெக்ட்' என்று போட்டிருந்தது.

அடேயப்பா, என்ன புராஜெக்டுகள்! ஒருவர் பனி கொட்டுகிற ஊரில் ஒரே பஸ் நிறுத்தத்தை வருஷம் முழுக்க எடுத்திருந்தார். ஒரு படத்தில்கூட பஸ் வரவில்லை. எங்கள் பக்கம் அதைச் செய்தால் கலெக்டருக்கு மனுவோடு சேர்த்து அனுப்பத்தான் ஆகும். ஒரு அம்மாள் தன் தெருவில் இருக்கிற எல்லார் வீட்டு அடுப்படியையும், சாப்பிட்டு எழுந்த பிறகு, கழுவாத பாத்திரத்தோடு எடுத்திருந்தார். இன்னொருவர் வேலை முடிந்து ரயிலில் நின்றபடியே தூங்குகிறவர்களை எடுத்திருந்தார். எல்லாமே கண்மூடின படம்! எங்கள் கடையில் கண்மூடின படம் குப்பைத் தொட்டிக்குப் போகும். அங்கே பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டு, சுற்றிலும் வெள்ளையாக இடம் விட்டிருந்தார்கள்.

கடைசியில் இருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. ஏதோ ஒரு குளிர்ப்பிரதேச மீனவர் ஊர். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள். எல்லாம் முதுகு. ஒரு முகம்கூட இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முட்டி மோதி நான் புரிந்துகொண்டது, கேமராவைப் பார்த்ததும் முகம் நடிக்க ஆரம்பித்துவிடும், முதுகுக்கு நடிக்கத் தெரியாது என்பது. எனக்குத் தலை சுற்றிப்போனது. இத்தனை வருஷமாக "சிரிங்க, சிரிங்க" என்று ஊரையே நடிக்க வைத்துக்கொண்டிருந்த பாவி நான்தானே!

அன்றிலிருந்து நான் கலைஞன். தாடி விட்டேன். அது இரண்டு கன்னத்திலும் இடம் விட்டு விட்டு, மழை பொய்த்த வருஷத்துக் கம்பு மாதிரி முளைத்தது. ஒரு ஜோல்னாப் பை வாங்கினேன். அம்மாவிடம், "நான் ஒரு புராஜெக்ட் செய்யப் போறேன்" என்றேன். "அங்க மத்தியானச் சாப்பாடு போடுவாங்களாடா?" என்று கேட்டாள். இந்த ஊரில் கலைஞனாகப் பிறந்தது என் தலையெழுத்து என்று நொந்துகொண்டேன்.

முதல் சோதனையை அடுத்த முகூர்த்தத்திலேயே நடத்தினேன். பந்தியில் ஆட்கள் எழுந்து போன பிறகு கிடந்த இலைகளை ஒன்பது படம் எடுத்தேன். அப்பளத் துண்டும் பாயசத் தடமுமாக அருமையாக விழுந்திருந்தது. பிரிண்ட் வந்ததும் முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏலே, கல்யாண ஆல்பத்துல எச்சி இலைய வச்சுக் குடுத்தா நம்ம தோல உரிச்சுத் தொங்க விட்டுருவாவ. உனக்கு ஏதும் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

சரி, கலையைத் தொழிலோடு கலக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வேலை இல்லாத நாளில் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு கரிசல் காட்டுப் பக்கம் கிளம்பினேன். புராஜெக்டின் பெயர் 'முதுகு'.

முதலில் போனது தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள் பஸ்சுக்கு நிற்கிற இடத்துக்கு. "அக்கா, அப்படியே அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றேன். "ஏட்டி, முதுகப் படம் புடிக்க ஆள் வந்திருக்குடி, ரவிக்கைக் கிழிசல மறைச்சுக்கிடு!" என்று ஒருத்தி கத்த, மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்துக் கடையில் இருந்த அண்ணாச்சி ஒருத்தர் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். "பொம்பளையாளுவள பின்னால நின்னா படம் எடுக்க? யாருலே நீ?" நான் உலகத் தரத்தை அவருக்கு விளக்கிவிடலாம் என்று பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். விரித்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் பொட்டுத் துணி இல்லாமல் பனியில் நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகு நடந்ததை நான் சொல்லப் போவதில்லை. வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதே தெய்வச் செயல்.

அதனால் ஆண்கள் முதுகு மட்டும் போதும் என்று புராஜெக்டைச் சுருக்கிக்கொண்டேன். சவரக் கடைக்காரர் முதுகு, டீ ஆற்றுகிறவர் முதுகு, லாரிக்கு அடியில் பாதி தெரிகிற மெக்கானிக் முதுகு. எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஓட்டப்பிடாரம் போகிற வழியில் அவரைப் பார்த்தேன்.

செம்மறி ஆடு மேய்க்கிறவர். ஐம்பது வயது இருக்கும். அறுவடை முடிந்த காட்டில் ஆடுகளை விட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்துபோனார். காய் உலுக்குகிற தொரட்டிக் கம்பைப் பிடரியில் குறுக்காக வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் மாட்டித் தொங்கப் போட்டிருந்தார். சட்டை முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குளிர்ப்பிரதேசக்காரன் என்ன பெரிய இவன், இதோ எங்கள் ஊர் முதுகு என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

நான் பின்னாலேயே போய் எடுக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

"என்ன தம்பி, ஆட்டயா எடுக்கீய?"

"உங்களத்தான் அண்ணாச்சி. நீங்க பாட்டுக்குப் போங்க, திரும்பாதீங்க."

"திரும்பாம எப்படிப் படம் விழும்?"

"அதெல்லாம் விழும்."

அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் படித்த பிள்ளை கேட்கிறானே என்று போனார். அரை நாள் அவர் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு தடவை அவர் திரும்பிப் பார்க்கும்போதும் நான் கேமராவை இறக்கிவிடுவேன். முகம் விழுந்தால் படம் கெட்டுவிடுமே! ரோலுக்கு முப்பத்தாறு படம்; கேமராவில் கவுண்டர் முப்பத்துமூன்று காட்டியது. மூன்று படம்தான் மீதி. அதைச் சாயங்கால வெயிலுக்கு என்று பத்திரப்படுத்தினேன்.

மத்தியானம் ஒரு உடைமர நிழலில் உட்கார்ந்தோம். தூக்குவாளியிலிருந்து எனக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது தம்பி. நேரா நின்னு ஒரே ஒரு படம் எடுக்கலாமா? மக கேட்டுக்கிட்டே இருக்கா. வீட்டுல எல்லாரு படமும் இருக்கு, என் படம் மட்டும் இல்ல. ஓட்டு அட்டைக்கு ஊர்ல படம் புடிச்ச அன்னைக்கு நான் ஆட்டுக் கிடையோட வெளியூர்க் காட்டுல கிடந்தேன்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, நில்லுங்க" என்றேன்.

அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துத் தலைமுடியில் தடவி விரலாலேயே வாரினார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டார். தொரட்டியைத் தூரப் போட்டுவிட்டு, "அது வேண்டாம்" என்றார். துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து, பள்ளிக்கூடத்தில் கொடிக்கு முன்னால் நிற்பதுபோல நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே ஏளனம். 'பார், நடிப்பு ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்தேன்.

"இவ்வளவு நேரம் எடுத்ததுல லைட்டே அடிக்கலையே. இதுலயாவது அடிக்குமா?" என்று கேட்டார்.

பட்டப்பகலில் பிளாஷ் எதற்கு? ஆனால் அவர் பார்த்த போட்டோ எல்லாம் கல்யாண வீட்டுப் போட்டோ. அவரைப் பொறுத்தவரை லைட்டு அடித்தால்தான் படம். காலையிலிருந்து நான் எடுத்த முப்பத்துமூன்றும் அவர் கணக்கில் படமே இல்லை. கல்யாணப் பழக்கத்தில் பிளாஷ் எப்போதும் கேமராவின் தலையிலேயே இருக்கும். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். மூன்று படம்தான் மீதி என்பது நினைவுக்கு வந்தது. விரல் தானாகப் பின்பக்கம் போனது.

"கொஞ்சம் சிரிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெறும் அடித்தேன்.

"ம், இதுதாம் போட்டோ!" என்றார். வெளிச்சம் அடித்த பிறகுதான் சிரித்தார். பெரிய சிரிப்பு. முன்பல் ஒன்று இல்லை.

சாயங்காலம் புழுதிக்கு நடுவே, ஆட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் அவர் நடந்துபோக, மீதி மூன்றையும் எடுத்தேன். நான் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்ல படங்கள் அவைதான். அதுதான் கொடுமை.

மூன்று வாரம் கழித்து, நான் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையப் பச்சைப் பயற்றங்காய். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "தம்பி, அந்த லைட்டு அடிச்ச படம்..." என்றார். கல்யாண சீசன். கவுண்டரில் ஆள் மேல் ஆள். நான் யோசிக்கக்கூட இல்லை. தினம் நாலு பேரிடம் சொல்கிற பதில், நாக்கு நுனியிலேயே இருந்தது.

"கண்ண மூடிட்டீங்க அண்ணாச்சி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அய்யய்யோ. வெளிச்சத்துக்குக் கூசிட்டு போல. உங்க பிலிம வீணாக்கிட்டேனே தம்பி" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! "பரவாயில்ல அண்ணாச்சி, இன்னொரு நாள் பாத்துக்கிடுவோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினேன். பயற்றங்காயை அம்மா அவித்துக் கொடுத்தாள். நல்ல ருசி. வெட்கமில்லாமல் இரண்டு தட்டு தின்றேன்.

'முதுகு' மதுரையில் ஒரு கண்காட்சிக்குப் போனது. அங்கே என் படங்களைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். கதவு திறந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு பெரியவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டு, "இது முதுகுவலித் தைலத்துக்கு விளம்பரமா?" என்று விசாரித்தார். கண்ணாடி போட்ட இன்னொருவர், ஆட்டுப் புழுதிப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, நவீன மனிதன் அந்நியமாகிப்போவது இதில் துல்லியமாக வந்திருக்கிறது என்றார். "ஆமா சார், அதுக்காகத்தான் அரை நாள் அலைஞ்சேன்" என்றேன். நெஞ்சறிந்த பொய். நவீன மனிதன் எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்ததை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஆவணி பிறக்கப்போகிற சமயம், ஒரு அம்மாவும் மகளும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மகளுக்கு இருபது வயது இருக்கும். "ஆடு மேய்க்கையில எங்கப்பாவப் படம் எடுத்தீயள்ல, அது நீங்கதான அண்ணே?" என்று கேட்டாள். எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு ஆவணியில் கல்யாணம். அப்பா சித்திரையிலேயே இறந்துபோனார். காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வழியிலேயே போய்விட்டார்.

"தாலி கட்டுன உடனே அப்பா படத்துல விழுந்து கும்புடணும்ணே. அவிய படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல."

"அன்னைக்கு எடுத்தது..." என்று இழுத்தேன்.

"தெரியும்ணே. கண்ண மூடிட்டாவளாம். பரவாயில்ல, கண்ணு மூடுன படமாவே குடுங்க. மூடியிருந்தாலும் அது அவிய முகந்தான?"

அவள் அம்மா தன் பங்குக்குச் சொன்னாள். "அவிய அதயே சொல்லிச் சொல்லி மாய்ஞ்சாவ தம்பி. அந்தத் தம்பி பிலிமக் கெடுத்துட்டேன், கெடுத்துட்டேன்னு. கண்ணாடி முன்னால நின்னு கண்ணு கொட்டாமப் பாத்துப் பழகுவாவ. டார்ச் லைட்ட என் கையில குடுத்து, 'மூஞ்சில அடிட்டி, மூடுதனான்னு பாரு'ம்பாவ. பழகிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்னாவ. அதுக்குள்ள..."

நான் தேடிப்பார்க்கிறேன் என்றேன். தேடவும் செய்தேன், அதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. இல்லாத நெகடிவை, இல்லை என்று தெரிந்தே, நாலு நாள் தேடினேன். அந்த ரோலை விளக்கில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பத்தாறும் முதுகு. ஒன்றிலாவது பக்கவாட்டில் ஒரு கன்னம், ஒரு மூக்கு? கிடையாது. அவர் திரும்பியபோதெல்லாம் கேமராவை இறக்கிய கெட்டிக்காரன் அல்லவா நான்!

கடைசியில் அந்தப் புழுதிப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மத்தது கெட்டுப் போச்சும்மா" என்றேன். மகள் படத்தை வாங்கி ஒருமுறை முன்பக்கம் பார்த்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே முகம் இருக்குமோ என்பதுபோல. "சரிண்ணே" என்றாள். கல்யாணத்துக்கு நீங்களே படம் எடுக்க வரவேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அதைவிட இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை.

கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயில் முன்னால், காலை முகூர்த்தம். நாற்காலியில் அந்தப் படத்தை வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் மணமக்கள் வந்து விழுந்தார்கள். போய்க்கொண்டிருக்கிற ஒரு முதுகைப் பார்த்துப் பெண் கும்பிட்டாள். நான் அதையும் எடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், நல்ல கேலிப் பேர்வழி. "என்ன இது, சம்பந்தி கோவிச்சிக்கிட்டுப் போறாரு? யாராச்சும் போயி கூப்பிடுங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அப்பாவுக்காகத் தானே சமாதானம் சொன்னாள்.

"அதில்ல மாமா. எங்கப்பாவுக்கு நிக்கத் தெரியல. லைட்டு அடிக்கும்போது கண்ண மூடி, எடுத்த படத்தக் கெடுத்துட்டாவ."

"அட, ஆட்ட மேய்க்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு நிமிசம் கண்ணத் தொறந்து வைக்கத் தெரியலையா!" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

செத்துப்போன மனுஷனைச் சபையில் வைத்துச் சிரிக்கிறார்கள், அவர் பெற்ற மகளே அதற்கு விளக்கம் சொல்கிறாள், எல்லாம் நான் கவுண்டரில் நின்று போகிற போக்கில் விட்ட ஒரு பொய்யை வைத்து. கேமரா கழுத்தில் தொங்க, அவள் பக்கத்தில் போனேன். அம்மாவும் அங்கேயே நின்றாள்.

"அவரு கண்ண மூடலம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் பிளாஷைத் திருப்பி அந்தப் பொத்தானைக் காட்டினேன். அமுக்கினேன். பளிச்சென்று அடித்தது. "இது இப்ப படம் இல்ல. வெறும் லைட்டு. அன்னைக்கும் இதைத்தான் அடிச்சேன். பிலிம் கொஞ்சந்தான் இருந்துச்சு, அத முதுகுக்குன்னு வச்சிருந்தேன். அப்புறம் உங்கப்பா வந்து கேட்டப்ப, கண்ண மூடிட்டீங்கன்னு பொய் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். தாய்மாமன்காரர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிப்பு மட்டும் நின்றிருந்தது.

"அப்ப எங்கப்பா கண்ண மூடலையா?" என்று கேட்டாள்.

"மூடல. இமைகூட ஆடல. நேரா என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு."

"துண்டு?"

"மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டாரு. தலையில தண்ணி தொட்டு வாரிக்கிட்டாரு. சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கிட்டாரு."

"எம்மா, கேட்டியா? அப்பா கண்ண மூடவே இல்லயாம்!" என்று அவள் கத்தினாள். கழுத்தில் ஈர மஞ்சளோடு, அப்பா ஏதோ பரீட்சையில் பாஸானதுபோல அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தாய்மாமனைப் பார்த்து, "மாமா, எங்கப்பா நல்லாத்தான் நின்னிருக்காவ!" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நின்னிருப்பாரு தாயி, நின்னிருப்பாரு" என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத அவியகிட்ட சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்றாள்.